பதினைந்தாயிரத்தைத் தாண்டினால் பி.எஃப். நின்றுவிடுமா?

கேள்வி: கோவையில் பம்ப்செட் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மொத்தம் அறுபது பேர் இருப்போம். 2021 ஜூனில் சேர்ந்தேன். முதல் பதினோரு மாதம் ‘டிரெய்னி’ என்று சொல்லி 11,000 ரூபாய் கொடுத்தார்கள், பி.எஃப். இல்லை. 2022 மே மாதம் வேலையை நிரந்தரமாக்கிக் கடிதம் தந்தார்கள். சம்பளம் 14,500 ஆனது. அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 7,500, வீட்டு வாடகைப் படி 2,000, சிறப்புப் படி 5,000. பி.எஃப். 7,500க்கு மட்டும்தான். 2024 ஏப்ரலில் சம்பளம் 18,500 ஆனது (அடிப்படை 10,000, வாடகைப் படி 3,000, சிறப்புப் படி 5,500). அந்த மாதத்தோடு பி.எஃப். நின்றுவிட்டது. ‘பதினைந்தாயிரத்தைத் தாண்டிவிட்டீர்கள் அம்மா, இனி உங்களுக்குத் தகுதி இல்லை’ என்கிறார் முதலாளி. பேக்கிங் பகுதிக்கு கான்ட்ராக்டர் மூலம் வரும் பெண்களுக்கு ஆரம்பத்திலிருந்தே எதுவும் கிடையாது. ஓசூரில் 22,000 சம்பளத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் என் தம்பிக்கும் இதே பதில்தான் கிடைத்திருக்கிறது. அவனுக்கு முந்தைய வேலையில் தொடங்கிய பி.எஃப். கணக்கு இருக்கிறது. எங்கள் முதலாளி மோசமானவர் இல்லை. 2021 தீபாவளி சமயத்தில் அம்மாவின் கண் அறுவைக்காக நான் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் மூன்று நாள் இருந்தபோது சம்பளத்தைப் பிடிக்காதவர். அவரோடு சண்டை போட மனமில்லை. உண்மையில் யாருக்குத்தான் முதலாளி பங்கு கட்ட வேண்டும்? சம்பளச் சீட்டுகளின் நகலை இணைத்திருக்கிறேன்.

— வாசகி, கோவை

பதில்: நீங்கள் அனுப்பிய 2024 மார்ச், ஏப்ரல் மாதச் சீட்டுகள் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மார்ச் மாதத்தில் பி.எஃப். கணக்கிடும்போது சிறப்புப் படி சம்பளத்தில் சேரவில்லை. ஏப்ரலில் பி.எஃப்.பை நிறுத்தும்போது அதே சிறப்புப் படி சம்பளத்தில் சேர்ந்துவிட்டது. அடிப்படை 10,000 மட்டுமே சம்பளம் என்றால் நீங்கள் பதினைந்தாயிரத்தைத் தாண்டவே இல்லை. சிறப்புப் படியும் சம்பளம்தான் என்றால் முந்தைய இரண்டு வருடமும் குறைத்துக் கட்டியிருக்கிறார்கள். இரண்டில் எதை வேண்டுமானாலும் உங்கள் முதலாளி தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இருபது வருடத்துக்கு மேலாக நான் செய்வது சிறு நிறுவனங்களுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்குப் பார்க்கும் வேலை. எனக்குக் கட்டணம் தருபவர்கள் முதலாளிகள். அதனால் இந்தத் தவறு எப்படி நடக்கிறது என்பது எனக்கு உள்ளிருந்தே தெரியும். பெரும்பாலும் இதில் வஞ்சகம் இருப்பதில்லை. பக்கத்து ஷெட்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டு அதையே செய்வதுதான் நடக்கிறது. எங்கள் தொழிற்பேட்டைகளில் பாதிச் சட்டம் டீக்கடை பெஞ்சில்தான் இயற்றப்படுகிறது.

இனி அந்தப் பதினைந்தாயிரத்துக்கு வருவோம். பி.எஃப். திட்டத்தில் ‘விலக்கப்பட்ட ஊழியர்’ என்றொரு பிரிவு உண்டு. வேலைக்குச் சேரும் நாளில் ஒருவரின் மாதச் சம்பளம் வரம்பைத் தாண்டியிருந்து, அவர் ஏற்கெனவே பி.எஃப். உறுப்பினராகவும் இல்லாமல் இருந்தால், அவரைச் சேர்க்க வேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லை. 1952இல் 300 ரூபாயில் தொடங்கிய வரம்பு அது. 2001இல் 6,500 ஆகி, 2014 செப்டம்பர் 1 அன்று 15,000 ஆனது. அந்த எண்ணோடு சம்பளத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் நாள் சேரும் நாள்தான். ஒருவர் உள்ளே வந்துவிட்ட பிறகு சம்பளம் எவ்வளவு ஏறினாலும் அவர் வெளியே போவதில்லை. திட்டத்தின் 26ஏ பத்தி இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது: பணத்தை முழுதாக எடுத்து வெளியேறும்வரை உறுப்பினர் உறுப்பினர்தான், சம்பளம் 15,000க்கு மேல் போனால், பங்குத்தொகையை 15,000க்குக் கணக்கிட்டுக் கட்டினால் போதும். அதாவது வரம்பைத் தாண்டும்போது தொகை உயராமல் நிற்கலாமே தவிர, கட்டுவது நிற்கக் கூடாது.

நீங்கள் 11,000 சம்பளத்தில் சேர்ந்தவர். ஆகவே, அடிப்படையோடு சிறப்புப் படியும் சேர்ந்து 15,000ஐத் தாண்டுகிறது என்று வைத்தால், 2024 ஏப்ரலிலிருந்து 15,000க்கு 12 சதவீதம், அதாவது மாதம் 1,800 ரூபாய் உங்கள் பங்கும், அதே அளவு முதலாளி பங்கும் போயிருக்க வேண்டும். முதலாளி பங்கில் 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்கும், மீதி 550 ரூபாய் உங்கள் பி.எஃப். கணக்குக்கும் சேரும். இதைப் பணக் கணக்காக மட்டும் பார்க்காதீர்கள். 58 வயதில் மாத ஓய்வூதியம் வாங்கப் பத்து ஆண்டுச் சேவை வேண்டும். கட்டாத மாதங்கள் அந்தப் பத்து ஆண்டில் சேராமல் நழுவிக்கொண்டே போகின்றன. இன்னொன்றும் இருக்கிறது. பணியில் இருக்கும்போது உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் காப்பீடு இதோடு ஒட்டியே வருகிறது. அதற்கான அரை சதவீதத்தை முதலாளிதான் கட்டுகிறார். உங்களிடமிருந்து ஒரு பைசா கிடையாது. பி.எஃப். நின்றால் அதுவும் நின்றுவிடும். இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

தம்பியின் விஷயம் இதே விதியின் மறுபக்கம். அவர் புது நிறுவனத்துக்கு 22,000 சம்பளக்காரராகப் போனாலும், பழைய கணக்கில் பணத்தை விட்டு வைத்திருக்கும்வரை ஏற்கெனவே உறுப்பினர். ‘சேரும்போது தாண்டிவிட்டார்’ என்ற காரணம் அவருக்குப் பொருந்தாது. புது நிறுவனம் குறைந்தது 15,000க்காவது கட்டியாக வேண்டும். சேரும்போது நிரப்பித் தரும் 11ஆம் எண் படிவத்தில் ‘முன்பு பி.எஃப். உறுப்பினராக இருந்தீர்களா’ என்று ஒரு வரி வரும். பலர் வேலை கிடைத்த அவசரத்தில் அதற்கு ‘இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். தம்பி என்ன எழுதினார் என்று கேளுங்கள். தவறாக எழுதியிருந்தால், தமது யு.ஏ.என். எண்ணை (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்) குறிப்பிட்டு, திருத்தக் கோரி மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். அதோடு, 22,000இல் வாடகைப் படி போக மிச்சம் எவ்வளவு என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வரம்புக்கு எடுத்துக்கொள்வது மொத்தச் சம்பளத்தை அல்ல; அடிப்படையும் பஞ்சப்படியும், சம்பளமாகவே கொள்ளப்படும் படிகளும் சேர்ந்த தொகையைத்தான். அது பதினைந்தாயிரத்துக்குள் இருந்தால், பழைய கணக்கே இல்லாதவரையும் சேர்த்தே ஆக வேண்டும்.

அடுத்தது அந்தச் சிறப்புப் படி. சட்டம் ‘அடிப்படைச் சம்பளம்’ என்பதிலிருந்து வீட்டு வாடகைப் படி, ஓவர்டைம், போனஸ், கமிஷன் போன்றவற்றை விலக்குகிறது. இந்த ஓட்டையைப் பார்த்துத்தான் பல நிறுவனங்கள் சம்பளத்தைத் துண்டு போட்டுப் படிகளாக அடுக்கின. 2019 பிப்ரவரி 28 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அருண் மிஸ்ரா, நவீன் சின்ஹா அமர்வு, மேற்கு வங்கத்துப் பள்ளி ஒன்றின் வழக்கையும் அதோடு சேர்ந்த பல நிறுவனங்களின் வழக்குகளையும் ஒன்றாக விசாரித்து இதற்கு அளவுகோல் ஒன்றைத் தந்தது. ஒரு படி எல்லோருக்கும் ஒரேபோல வழக்கமாகத் தரப்பட்டால் அது சம்பளம்தான், பெயர் என்னவாக இருந்தாலும். கூடுதல் உற்பத்திக்காகவோ, சிலருக்கு மட்டும் குறிப்பிட்ட காரணத்துக்காகவோ தரப்பட்டால்தான் விலகும். காரணத்தைக் காட்ட வேண்டிய பொறுப்பு நிறுவனத்துடையது.

உங்கள் சிறப்புப் படி எதற்காகத் தரப்படுகிறது? நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர். அறுபது பேரின் சீட்டும் உங்கள் கை வழியாகத்தான் போகும். எல்லோருக்கும் அந்த வரி இருந்தால் பதில் அங்கேயே இருக்கிறது. அப்படியானால் 14,500இல் வாடகைப் படி 2,000 போக 12,500க்கு பி.எஃப். கட்டியிருக்க வேண்டும். 12 சதவீதம் என்றால் 1,500. கட்டியது 900. மாதம் 600 வீதம் 2022 மே முதல் 2024 மார்ச் வரை 23 மாதத்துக்கு 13,800 ரூபாய் முதலாளி பங்கிலேயே குறைகிறது.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. கேட்காததால்தான் இன்னும் வலுவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2022 ஜூலை மாதச் சீட்டில் பிடித்தங்கள் பகுதியில் இரண்டு வரிகள் இருக்கின்றன. ‘பி.எஃப். 900’. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘பி.எஃப். (நி) 900’. அந்த ‘நி’ நிறுவனம். உங்கள் முதலாளி தம் பங்கையும் உங்கள் சம்பளத்திலிருந்தே எடுத்திருக்கிறார். எந்த ஒப்பந்தம் இருந்தாலும் முதலாளியின் பங்கை ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று திட்டத்தின் 31ஆம் பத்தி தடுக்கிறது. 23 மாதத்துக்கு அது 20,700 ரூபாய்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். பெரிய நிறுவனங்களில் பணி நியமனக் கடிதத்திலேயே ‘நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு’ என்று ஒரு தொகை எழுதி, அதற்குள் முதலாளி பங்கையும் காட்டுவார்கள். கடிதம் 15,400 என்று சொல்லி, அதில் 900 முதலாளி பங்கு, 14,500 சம்பளம் என்று பிரித்திருந்தால் குற்றம் சொல்ல முடியாது. அப்படி எழுதியிருந்தால், அந்த 900 போகத்தான் உங்கள் சம்பளம் 14,500 என்று ஆகும். ஆனால் உங்கள் 2022 மே மாதக் கடிதத்தில் ‘மாதச் சம்பளம் ரூ. 14,500’ என்று மட்டுமே இருக்கிறது. ஆகவே அந்த 900 உங்களுடையது. அந்தக் கடிதத்தின் மூலப் பிரதியை வீட்டில் பத்திரமாக வையுங்கள். அலுவலக மேசை இழுப்பறையில் வேண்டாம்.

‘டிரெய்னி’ மாதங்களுக்கு வருகிறேன். உங்கள் வழக்கில் கொஞ்சம் மெலிந்த இடம் இதுதான் என்று முதலில் நினைத்தேன். 1990 நவம்பர் 1க்கு முன்பு சில மாதம் வேலை பார்த்த பிறகே பி.எஃப்.பில் சேர்ப்பது என்று விதியிலேயே இருந்தது. இன்றும் பல முதலாளிகள் மனத்தில் அந்தப் பழைய விதிதான் ஓடுகிறது. இப்போது சேர்ந்த முதல் நாளிலிருந்தே தகுதி உண்டு. தகுதிகாண் பருவம், தற்காலிகம், தினக்கூலி என்ற பெயர்களெல்லாம் பொருட்டல்ல. உண்மையிலேயே விலக்கு இருப்பது 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி ஒப்பந்தம் பதிவு செய்து எடுக்கப்பட்டவர்களுக்கும், நிறுவனத்தின் நிலையாணைகளின்படி (எழுதி வைக்கப்பட்ட பணி விதிகள்) பயிற்சியில் இருப்பவர்களுக்கும்தான். இந்த இரண்டாவது வகையை உச்ச நீதிமன்றமும் ஏற்றிருக்கிறது. மங்களூர் பாக்குக் கூட்டுறவு நிறுவனம் ஒன்றின் வழக்கில், உதவித்தொகை பெற்ற பயிற்சியாளர்கள் பி.எஃப். வரம்புக்குள் வரமாட்டார்கள் என்று 2006இல் தீர்ப்பு வந்தது. உங்கள் முதலாளியின் ஆலோசகர் கெட்டிக்காரராக இருந்தால் இதை எடுத்து நீட்டுவார்.

ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் நன்றியோடு எழுதிய ஒரு வரி அந்தக் கதவைப் பெருமளவு மூடிவிடுகிறது. 2021 தீபாவளிக்கு அம்மாவோடு சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் இருந்தேன் என்கிறீர்கள். யார் பெயரில் இருந்த அட்டையில் போனீர்கள்? உங்கள் பெயரில்தான் என்றால், நீங்கள் ‘டிரெய்னி’யாக இருந்த அந்த மாதங்களிலேயே நிறுவனம் உங்களை ஊழியர் என்று இ.எஸ்.ஐ.யில் பதிந்து, மாதாமாதம் உங்கள் சம்பளத்தைக் காட்டிப் பணமும் கட்டியிருக்கிறது. 1961 சட்டப்படி எடுக்கப்பட்ட தொழில் பழகுநருக்கு அங்கேயும் இடமில்லை. ஒரே நிறுவனம், ஒரே மாதம், ஒரே ஆள். ஓர் அலுவலகத்தில் ஊழியர், இன்னோர் அலுவலகத்தில் பயிற்சியாளர் என்று சொல்வது கடினம். இ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் காப்பீட்டு எண்ணைக் கொண்டு உள்ளே போனால் மாதவாரிப் பங்களிப்பு விவரம் கிடைக்கும். 2021 ஜூன் முதல் 2022 ஏப்ரல் வரை உள்ள பக்கத்தை அச்சிட்டு வையுங்கள். இந்த வழக்கில் இதைவிட நல்ல சாட்சி கிடையாது. போனால் போகட்டும் என்று அப்படியே விட்டுவிட வேண்டிய தொகையும் இல்லை. 11,000க்கு மாதம் 1,320 வீதம் பதினோரு மாதத்துக்கு முதலாளி பங்கு மட்டுமே 14,520 ரூபாய்.

பேக்கிங் பெண்களுக்குப் பதில் சுருக்கமானது. கான்ட்ராக்டர் மூலம் வந்தாலும் நிறுவனத்தின் வேலையைச் செய்பவர் சட்டத்தின் பார்வையில் அந்த நிறுவனத்தின் ஊழியர்தான். கான்ட்ராக்டர் கட்டவில்லை என்றால் உங்கள் முதலாளி கட்டிவிட்டு, கான்ட்ராக்டரின் பில்லில் கழித்துக்கொள்ள வேண்டும். பி.எஃப். சட்டம் ஒரு நிறுவனத்துக்குப் பொருந்தத் தேவையான இருபது பேர் என்ற எண்ணிக்கையிலும் அவர்கள் சேருவார்கள். உங்கள் இடத்தில் அந்த எண்ணிக்கை எப்போதோ தாண்டிவிட்டது.

முடிந்த மாதங்களுக்கு உங்கள் பங்கையும் சேர்த்துக் கட்டச் சொல்லி உங்கள் தலையில் வைப்பார்களோ என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். அந்தந்த மாதச் சம்பளத்தில் பிடிக்காத ஊழியர் பங்கைப் பிந்தைய சம்பளத்தில் பிடிக்க முதலாளிக்கு உரிமை இல்லை. எழுத்துப் பிழை, தற்செயலான தவறு என்றால் மட்டும், அதுவும் பி.எஃப். ஆய்வாளரின் எழுத்துபூர்வ ஒப்புதலோடு பிடிக்கலாம். மற்றபடி விட்டுப்போன இரண்டு பங்கும் அவர் பொறுப்பு. அதன் மேல் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. தாமதத்துக்கான இழப்பீடு தனி. 2024 ஜூனுக்குப் பிறகு அது மாதத்துக்கு 1 சதவீதம். இதை உங்கள் முதலாளி கேட்டால் முகம் மாறும். ஆனாலும் நாளாக ஆக இந்தத் தொகை குறையாது என்பது அவருக்கும் நல்ல செய்திதான், சீக்கிரம் கேட்டுக்கொண்டால்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டனவே, இதெல்லாம் செல்லுமா என்று யாராவது உங்களைக் குழப்பலாம். உங்கள் நிலுவையில் பெரும்பகுதி அதற்கு முந்தையது. இருபது பேர் என்ற எல்லையும் கான்ட்ராக்டர் ஊழியர் விதியும் புதிய தொகுப்பிலும் உண்டு. சம்பளத்தின் வரையறை இறுகியிருக்கிறது. விலக்கப்படும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டும் பகுதி சம்பளத்தோடு சேரும். நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று: நிலுவை விசாரணையைத் தொடங்கப் புதிய தொகுப்பில் ஐந்து ஆண்டுக் கெடு எழுதப்பட்டிருக்கிறது. பழைய சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. 2021 ஜூன் மாதத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை மறக்காதீர்கள்.

சண்டை வேண்டாம் என்கிறீர்கள். சண்டை இல்லாமலே தொடங்கலாம். ஒரே ஒரு தாளில் நான்கு வரிக் கணக்கு எழுதுங்கள்: பயிற்சி மாதங்கள், சிறப்புப் படிக் குறை, பிடித்த நிறுவனப் பங்கு, 2024 ஏப்ரலிலிருந்து நின்றது. முதலாளியிடம் தனியாகக் கொடுத்து, அவருடைய ஆலோசகரிடம் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். அவராகவே நிலுவையைக் கட்ட வழி இருக்கிறது; நான் பார்த்த இடங்களில் பாதிப் பேர் இந்தக் கட்டத்திலேயே கட்டிவிட்டார்கள். அறுபது பேரின் கணக்கும் திறக்கப்படுமே என்ற யோசனை அவருக்கு வந்தே தீரும். ஒரு மாதம் பாருங்கள். நகரவில்லை என்றால், ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி பி.எஃப். அமைப்பு மாவட்டந்தோறும் நடத்தும் குறைதீர் முகாமுக்கு இந்தத் தாள்களோடு போங்கள். அல்லது அவர்களின் இணையக் குறைதீர்ப்புத் தளத்தில் புகாரைப் பதியுங்கள். நிலுவையை நிர்ணயிக்கும் விசாரணை அதிகாரிக்கு ஆவணங்களை வரவழைக்கவும் சத்தியப் பிரமாணத்தில் விசாரிக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. பிடித்த அந்த 20,700 ரூபாயைத் தொழிலாளர் துறையிலும் தனியாகக் கேட்கலாம். அதற்கும் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

தம்பியிடம் இன்றைக்கே தொலைபேசியில் ஒன்று சொல்லிவிடுங்கள். ‘இங்கேதான் பி.எஃப். இல்லை என்கிறார்களே, பழைய பணம் சும்மா கிடப்பானேன்’ என்று அந்தக் கணக்கை முடித்துப் பணத்தை எடுத்துவிட வேண்டாம். எடுத்த நாளோடு அவர் உறுப்பினர் அல்லாதவர் ஆகிவிடுவார். புது நிறுவனம் இப்போது தவறாகச் சொல்லும் பதில் அன்றைக்குச் சரியாகிவிடக்கூடும்.